தொட்டியோரத்து வீட்டில் துணி காய்கிறது

போன வாரம் ஓவர்சியர் ஒரு கேள்வி கேட்டாரே, நினைவிருக்கிறதா? கேட்டவர் குடையை எடுத்துக்கொண்டு அவர் பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டார். கேட்கப்பட்ட பல்லம்மாதான் வாரம் முழுக்கக் கையில் எடுத்ததைக் கீழே போட்டுக்கொண்டு திரிந்தாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. பல்லம்மா, பல் ஆஸ்பத்திரியின் லேபில் பல் செட் செய்பவள். கணவரை இழந்தவள். ஒரே மகள், வேறு ஊரில் கட்டிக்கொடுத்தாயிற்று. ஓவர்சியர், குடிநீர் இலாகாவில் ஊரிலுள்ள ஒழுகலையெல்லாம் அடைத்து அடைத்தே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய் வெகு நாளாயிற்று. அவர் பல் செட் வாங்க வந்தார். வாங்கிய மறுநாளே சண்டைக்கு வந்தார். முன்பல்லில் கறை இருக்கிறதாம்.

அந்தக் கறை தானாக வந்ததல்ல, நான் வைத்தது என்றாள் பல்லம்மா. இந்த வயசில் வாய் நிறைய வெள்ளை வெளேரென்று பல் இருந்தால் பார்க்கிறவர்களுக்குப் பல் மட்டும்தான் தெரியும், ஆள் தெரியமாட்டார். ஒரு பல்லில் லேசாகத் தேநீர்க் கறை, இன்னொரு பல் இம்மியளவு கோணல், அப்போதுதான் அது சொந்தப் பல். முணுமுணுத்துக்கொண்டே போனவர் சில நாளில் திரும்பி வந்தார். கூடப் பிறந்த தம்பியே கண்டுபிடிக்கவில்லையாம். பெருமையாகச் சிரித்துக் காட்டினார்.

அன்று ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் கூடத்தில் குழந்தைகள் போடும் கூச்சலை அடக்க ஏதாவது வேடிக்கை வைக்கவேண்டும் என்று பெரிய டாக்டர் ஆசைப்பட, ஓவர்சியர் பொழுதுபோக்காகச் செய்துவந்த சின்னச் சின்ன வீடுகளின் ஞாபகம் பல்லம்மாவுக்கு வர, இரண்டு பேரும் சேர்ந்து மேஜை மேல் ஒரு ஊரையே கட்டிவிட்டார்கள். ரயில் நிலையம், கடைத்தெரு, மரங்கள், மேட்டில் தண்ணீர்த் தொட்டி. எந்த ஊரைப் பார்த்தும் செய்ததல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவர் பேசிப் பேசி உண்டான ஊர்.

அந்தப் பேச்சின் கடைசியில் வந்ததுதான் போன வாரத்துக் கேள்வி. முறைப்படி பதிவு செய்துகொண்டு இனி ஒரே வீட்டில் இருந்தால் என்ன என்று கேட்டார். ஊருக்குக் கண்ணாடி மூடி போடும் நாளில் சொல்கிறேன் என்றாள் பல்லம்மா.

அந்த நாள் விடிந்துவிட்டது. விடிந்த கையோடு மகளும் வந்து இறங்கினாள்.

*

மகள் வெறுங்கையோடு வரவில்லை. மடித்துக் கட்டிய அட்டைப் பெட்டிகள் ஒரு கட்டு, நாடாச் சுருள், பாத்திரம் சுற்ற செய்தித்தாள். ஆட்டோவிலிருந்து அவற்றை இறக்கும்போதே எதற்கென்று பல்லம்மாவுக்கு விளங்கிவிட்டது.

மகளின் வேலை அப்படி. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நஷ்டம் மதிப்பிடுபவள். தீப்பிடித்த கடை, தண்ணீர் புகுந்த கிடங்கு, சுவர் சரிந்த வீடு, எங்கே போனாலும் முன்கூட்டியே எல்லாவற்றையும் யோசித்துக்கொண்டுதான் போவாள். அம்மா விஷயத்திலும் யோசித்து முடித்துவிட்டாள். லேப் வேலை போதும். தன் வீட்டு மாடியில் ஒரு அறை தயார். இன்றைக்குக் கட்டவேண்டியதைக் கட்டி வைத்துவிட்டால் மாசக் கடைசியில் வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும்.

மாப்பிள்ளையும் போனில் வந்தார். அறைக்கு நீலம் அடித்தாயிற்று என்றார். அத்தையின் பெண் பச்சைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாளாம், கல்யாணமான நாள் முதலாகத் தான் ஜெயித்த ஒரே வழக்கு அந்த நீலம்தானாம், அதற்காகவாவது அத்தை வந்து குடியிருக்க வேண்டுமாம். பல்லம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு இன்னும் கஷ்டமாக இருந்தது. நல்ல பிள்ளைகள். கெட்ட பிள்ளைகளாக இருந்தால் இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்.

காபி கலக்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். கலக்கியாயிற்று. குடிக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தாள். குடித்தும் ஆயிற்று. மகள் அதற்குள் சமையலறை அலமாரியைத் திறந்து, எது வரும், எது வேண்டாம் என்று பிரிக்கத் தொடங்கியிருந்தாள்.

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்துவிடுவோம், அந்த ஊரை நீ இன்னும் முழுசாகப் பார்க்கவே இல்லையே என்றாள் பல்லம்மா. போகிற வழியில் சொல்லிக்கொள்ளலாம் என்று எண்ணம். வழி என்னவோ பக்கம்தான். அதுவும் முடிந்துவிட்டது.

வாசலில் ஓவர்சியர் எதிரே வந்தார். கண்ணாடிக் கடைக்காரர்களைக் கையோடு கூட்டிவரப் புறப்பட்டவர். வெயில்கூட ஏறவில்லை, கையில் வழக்கமான குடை. அதன் பிடியில் செம்புக் கம்பி சுற்றி அவரே பழுது பார்த்திருந்தார். மகளைப் பார்த்ததும் வாம்மா என்றார், பயணம் சௌகரியமா என்றார், பல்லம்மாவின் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார். காது மட்டும் சிவந்திருந்தது.

“யாரும்மா இவர்? பல் நல்லா இருக்கே” என்றாள் மகள்.

“நான் செஞ்சது” என்றாள் பல்லம்மா. அதற்கு மேல் வரவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக் கூடம் வேறு இடம் மாதிரி இருக்கும். நாற்காலிகள் சுவரோரம் ஒதுங்கி நிற்கும். உயரமான ஜன்னல்கள் வழியாக வெயில் சாய்ந்து இறங்கி, நடுவிலிருந்த பெரிய மேஜை மேல் விழுந்துகொண்டிருந்தது. பல்லம்மா வெள்ளைத் துணியை ஒரு முனையிலிருந்து மெதுவாகச் சுருட்டினாள். ஊர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

மகள் கிட்டே வந்தாள். குனிந்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மோவாய் மேஜை விளிம்பில் படும்படி உட்கார்ந்துவிட்டாள். அந்த உயரத்தில் கண்ணை வைத்தால் மேஜை மறைந்துவிடும். தெரு மட்டும்தான் இருக்கும். தெருக்கோடியில் திரும்பினால் இன்னும் என்னவோ இருக்கிறது என்று தோன்றும். பல்லம்மாவுக்கே அப்படித்தான். லென்ஸை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குள் நுழைந்தாளானால், மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பாள்.

இங்கே ஆள் என்றால் கட்டைவிரல் நுனி உயரம்கூட இல்லை. கட்டடமெல்லாம் ஓவர்சியர் கை. சுவர் தூக்குக் குண்டு விட்டதுபோல நிற்கும், ஓடு ஒன்றுக்கொன்று பிசகாது. அதைப் பார்த்தால் பொம்மைக் கடையில் வாங்கியது போலவே இருக்கும். அதற்குப் பிறகுதான் பல்லம்மாவின் வேலை. ஓவர்சியர் அவளை அழுக்கு இலாகா என்பார்.

இரும்பு நாரைக் காடியில் ஊறப்போட்டுத் துரு எடுப்பாள். ஆணித் தலைக்குக் கீழே அந்தத் துருவை ஒரு நூல் அளவு இறக்கிவிடுவாள், மழையில் வழிந்ததுபோல. பெயின்ட் உரிந்த கதவு வேண்டுமென்றால் மரநிறத்தின் மேல் உப்பைத் தூவி, அதன் மேல் வர்ணம் அடித்து, காய்ந்ததும் உப்பைத் தட்டிவிடுவாள். தெருப்புழுதிக்குச் சாக்கட்டி. சேறு தெறிக்கப் பழைய பல் துலக்கும் பிரஷ். பல்லுக்கு மெழுகு செதுக்குகிற கூரிய கம்பிதான் ஜன்னல் கம்பிகளுக்கும் கதவுத் தாழ்ப்பாளுக்கும்.

முதல் தடவை அவள் புதுச் சுவரில் குழாயடியில் ஒழுகல் கறை வைத்தபோது ஓவர்சியர் பதறிவிட்டார். வேலைக்காலம் முழுக்க எதை அடைத்தாரோ அதை இந்த அம்மாள் உண்டாக்குகிறாளே என்று. கடைசியில் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். எந்தக் கறைக்கும் ஒரு காரணம் இருக்கவேண்டும். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று முதலில் பேசி முடிவு பண்ணவேண்டும். அதற்குப் பிறகு எவ்வளவு அழுக்கு வேண்டுமானாலும் வைக்கலாம்.

ஆக, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை இருந்தது. முடி வெட்டுகிறவர் வீட்டுப் படியில் நடுக்கல் தேய்ந்திருக்கும், அவருக்கு ஒரு கால் இழுத்து இழுத்து நடக்கும் பழக்கம். பிளாட்பாரப் பெஞ்சில் இரண்டு முனையும் தேய்ந்து நடுப்பாகம் புதுசாக இருக்கும், முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் உட்கார யாருக்குப் பிடிக்கும்? தையற்காரி ஜன்னலில் ஒரு கண்ணாடி மட்டும் சுத்தமாக இருக்கும், எதிர்வீட்டைப் பார்க்க அவளுக்கு அது போதும். இதையெல்லாம் பேசி இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். இல்லாத மனுஷர்களைப் பற்றி இவ்வளவு வம்பு பேசியவர்கள் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

தண்ணீர்த் தொட்டியோரத்து வீடு ஒன்றுதான் கதையில்லாமல் கிடந்தது. அந்த வீட்டின் முறை வரும்போதெல்லாம் ஓவர்சியர் தொண்டையைக் கனைப்பார், அவள் வேறு வீட்டைப் பற்றிப் பேசுவாள். பூட்டிய வீடாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். சுவரில் பாசி, பூட்டில் துரு, வாசலில் புல்.

நேற்று வரைக்கும் அப்படி.

வாயால் சொல்ல வராது என்று பல்லம்மாவுக்குத் தன்னைப் பற்றித் தெரியும். அதனால் நேற்றுச் சாயங்காலம் தனியாக வந்து, அந்த வீட்டைத் திறந்துவிட்டாள். கண்ணாடி போடுமுன் ஓவர்சியர் ஊரை ஒரு சுற்றுப் பார்ப்பார். பார்த்தால் புரிந்துகொள்வார். இந்த ஏற்பாட்டில் அவளுக்குக் கொள்ளை சந்தோஷம். பதினாறு வயசுப் பெண் மாதிரி வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டாள். சுவரைப் பார்த்து வீட்டுக் கதை சொல்வதையே பிழைப்பாகக் கொண்ட ஒருத்தியைத் தானே பெற்று வளர்த்திருப்பதை.

*

மகள் ஒவ்வொரு வீடாக வாசித்துக்கொண்டு வந்தாள். முதலில் விளையாட்டாகத்தான். இந்த வீட்டில் கூரை ஒழுகி, பாத்திரம் வைத்துப் பிடிக்கிறார்கள், சரியா? இந்தக் கடையில் ராத்திரி விளக்கை அணைக்க மறக்கிறார்கள், மரச்சட்டம் கருகியிருக்கிறது, இவனுக்கு நான் ஒரு பைசா எழுதமாட்டேன். பல்லம்மா சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தில் வெயில் விழுந்து அவள் சின்ன வயசில் இருந்ததுபோலவே இருந்தது. இந்தக் கூடத்திலேயே இந்த ஞாயிற்றுக்கிழமை முடியாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று பல்லம்மாவுக்குத் தோன்றியது.

மகளின் விரல் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்றது.

“இது என்னமோ வேற மாதிரி இருக்கு” என்றாள்.

பல்லம்மாவின் தலையாட்டல் நின்றுவிட்டது.

“பாசி பழசு. ஆனா அடுப்படி ஜன்னலுக்கு மேல கரி, பாசி மேலதான் படிஞ்சிருக்கு. அப்ப கரி புதுசு. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்து, இப்பத்தான் அடுப்பு மூட்டியிருக்காங்க.” மகள் கைப்பையிலிருந்து தன் தொழிலுக்கான லென்ஸை எடுத்துக்கொண்டாள். “கதவுல பூட்டு தொங்கின தடம் மட்டும் இருக்கு, பூட்டு இல்ல. வாசப் புல்லு ஒரு வரியா படுத்திருக்கு. செருப்பு ரெண்டு ஜோடி.”

எள்ளளவு செருப்புகள். கிடுக்கியில் பிடித்து ஒட்டும்போது மூச்சுவிடாமல் இருக்கவேண்டியிருந்தது.

லென்ஸ் கொல்லைப்புறத்துக்கு நகர்ந்தது. அங்கே செம்புக் கம்பியில் கட்டிய கொடி. மெல்லிய தாளைப் பசைத் தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்ட துணிகள். ஒரு ஆண்பிள்ளைச் சட்டை. பக்கத்தில் ஒரு பச்சை ஏப்ரன். ஏப்ரனில் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டர் துளிகள்.

அம்மா லேபில் கட்டிக்கொள்ளும் அந்த ஏப்ரனை மகளுக்குத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடை பழகினாள்.

லென்ஸ் மறுபடி முன்பக்கம் வந்தது. சுவரில் சாய்த்த ஒரு குடை. பிடியில் முடி போன்ற செம்புக் கம்பி.

கூடத்தில் எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மகள் லென்ஸைக் கீழே வைத்தாள். அதை மடித்து உறைக்குள் போடுவதற்கு அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

“நான் அங்க மாடியில ரூம் கட்டி, பெயின்ட் அடிச்சு வச்சிருக்கேன்” என்றாள். குரல் உயரவில்லை. “நீ இங்க துணி காயப்போட்டுட்டு இருக்க.”

பல்லம்மா எதிர்த்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சொல்லாமல் இருந்ததற்கு அவளிடம் காரணம் எதுவும் இல்லை, பயத்தைத் தவிர. அதையே சொன்னாள். காலையிலிருந்து நாலு தடவை ஆரம்பித்ததைச் சொன்னாள். மகள் கேட்டுக்கொண்டே ஊரைப் பார்த்திருந்தாள். தனியாக இருப்பது கஷ்டமாக இருந்தால் தன்னிடம் வரக்கூடாதா, தன்னைவிட இந்தக் குடைக்காரர் ஒசத்தியா என்று கேட்டாள். கேட்ட பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்திருக்கவேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“தனியா இருக்க முடியாம இல்லம்மா” என்றாள் பல்லம்மா. “எனக்கு அவரோட பேசிட்டு இருக்கப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான். இதுக்கு மேல எனக்கு அழகாச் சொல்லத் தெரியல.”

மகள் எழுந்தாள். மேஜையைச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும், கடைத்தெருவிலும், ரயில் பெட்டி ஜன்னல்களிலும் எதையோ தேடினாள். ஒரு சுற்று முடிந்து மறு சுற்றும் தேடினாள். அவள் என்ன தேடுகிறாள் என்று பல்லம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

“அப்பா எங்க?”

*

அவரைச் செய்யாமல் இல்லை. முதன்முதலில் செய்ததே அவரைத்தான். ஒருமுறையல்ல, எத்தனையோ தடவை. பல்லம்மா கைப்பையைத் திறந்து, பல் செட் போட்டுக்கொடுக்கும் சின்ன டப்பாவை எடுத்தாள். பஞ்சின் மேல் ஒரு ஆள். நீலச் சட்டை, காக்கிப் பேன்ட், கையில் தண்ணீர் பாட்டில், ஒரு பக்கமாகச் சாய்ந்த தலை. மகள் டப்பாவை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

“அப்பா மாதிரி இருக்கு. ஆனா அப்பா இல்ல” என்றாள் கடைசியில்.

அதுதான் விஷயம். எங்கே நிறுத்தினாலும் பொம்மையாகத்தான் நின்றார். மற்ற எல்லோர் மேலும் புழுதியும் வேர்வையும் வைக்க முடிந்தது, இவர் மேல் முடியவில்லை. அவர் சைக்கிள் கடைக்காரர். கையில் எப்போதும் கிரீஸ். கையைத் துடைக்கத் துணி வைத்திருப்பார், ஆனால் துடைப்பது பேன்ட்டில்தான். வலது தொடையில். கல்யாணப் பேன்ட்டையும் விட்டுவைக்கவில்லை.

“உயிரோட இருந்த வரைக்கும் அந்தக் கறைக்காகத்தான் அவரோட சண்டை” என்றாள் பல்லம்மா. “துவைச்சுத் துவைச்சு என் கை போச்சு. இப்ப அதே கறையை நானே வைக்கணும்னா கை வரமாட்டேங்குது.”

கறை வைக்காமல் எதுவும் நிஜமாகாது என்று ஊருக்கெல்லாம் சொல்பவள் அவள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

மகள் திரும்பி வந்து மேஜையோரம் இருந்த வர்ணத் தட்டைப் பார்த்தாள். எது கறுப்பு, எதைக் கலந்தால் கிரீஸ் வரும் என்று கேட்டாள். பல்லம்மா கறுப்பில் ஒரு சொட்டுப் பழுப்பு கலந்து கொடுத்தாள். இருப்பதிலேயே மெலிந்த பிரஷை எடுத்துக் கொடுத்தாள். மகள் மணிக்கட்டை மேஜை விளிம்பில் ஊன்றிக்கொண்டாள். எரிந்த கூரைமேல் ஏறி அளவெடுக்கிற கை அது. கிடுக்கியில் அப்பாவைப் பிடித்துக்கொண்டு, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, வலது தொடையில் பிரஷை வைத்தாள். வர்ணம் நினைத்ததைவிட அதிகமாக இறங்கிவிட்டது.

“ஐயோ, பெரிசாப் போச்சும்மா.”

பல்லம்மா லென்ஸ் வழியாகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இல்ல. அவ்வளவு பெரிசுதான் இருக்கும்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று இருவருக்கும் தெரியவில்லை. இப்போது அவர் நிஜமாக இருந்தார். கூப்பிட்டால் திரும்பிவிடுவார் போல இருந்தார்.

எங்கே நிறுத்துவது என்று பல்லம்மா கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மகள் நேராக ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோனாள். பிளாட்பாரத்தில் வண்டி நின்றுகொண்டிருந்தது. பெட்டி வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி, குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில், பசை தொட்டு நிறுத்தினாள்.

எந்தப் பயணத்திலும் அப்படித்தான். வண்டி நின்றதும் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். தண்ணீர் பிடித்த பிறகாவது ஏறுவாரா என்றால் மாட்டார். யாரிடமாவது பேசிக்கொண்டு நிற்பார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகள் அப்பா அப்பா என்று கத்துவாள். வண்டி அசைந்த பிறகுதான் ஓடிவந்து தொற்றிக்கொள்வார். அந்தப் பயத்தில் அவள் ஒரு ரயில் பயணத்திலும் தூங்கியதில்லை.

*

வாசலில் பேச்சுச் சத்தம். கண்ணாடி வந்துவிட்டது. கடையாட்கள் இருவர் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து வந்தார்கள். அவர்கள் நடக்க நடக்க ஜன்னல்களும் வெயிலும் கண்ணாடிக்குள் நீந்திக்கொண்டு வந்தன. பின்னால் ஓவர்சியர், பார்த்து, பார்த்து என்று சொல்லியபடி.

கண்ணாடி போட்டு ஓரத்தில் பசை இறுகிவிட்டால் பிறகு யாரும் உள்ளே கை வைக்க முடியாது. அப்படித்தான் கேட்டு வாங்கியிருந்தார்கள், குழந்தைகள் கை சும்மா இருக்காதே.

ஓவர்சியர் வழக்கம்போல ஊரைச் சுற்ற ஆரம்பித்தார். கடைத்தெருவைத் தாண்டினார். பிளாட்பாரத்தில் வந்து நின்றுவிட்டார். அவருக்குத் தெரியாத ஆள் ஒருவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். சட்டப்படி அவர் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டார். இவர் யார், எதற்காக இங்கே நிற்கிறார்?

பல்லம்மா வாயைத் திறந்தாள். மகள் முந்திக்கொண்டாள்.

“எங்க அப்பா. தண்ணி பிடிக்க இறங்கினார்.”

ஓவர்சியர் மகளைப் பார்த்தார். அவள் கண்கள் வீங்கியிருந்ததைப் பார்த்தார். பல்லம்மாவின் கண்களையும் பார்த்தார். குடையை மெதுவாக நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, குனிந்து, அந்த ஆளை மரியாதையாக வெகுநேரம் பார்த்தார். தொடையில் இருந்த கறையைப் பார்த்ததும் தலையை ஆட்டிக்கொண்டார்.

கடையாட்கள் கண்ணாடியைப் படுக்கைவசமாகத் திருப்பினார்கள். தூக்கிவிடலாமா என்று கேட்டார்கள்.

“இன்னைக்கு வேணாம் சார்” என்றாள் மகள். ஓவர்சியரிடம்தான் சொன்னாள், ஆனால் பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அப்பா இன்னும் வண்டியில ஏறல. நான் வந்துதான் ஏத்திவிடணும். எனக்குக் கொஞ்சம் நாளாகும்.”

பல்லம்மா ஓவர்சியரைப் பார்த்தாள். மூடி போடும் நாளில் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவள் அவள். மூடி இல்லை என்றால் பதிலும் இல்லை. ஒரு வாரமாகக் குடையைச் சுழற்றிக்கொண்டு காத்திருந்த மனுஷர் என்ன செய்வார்?

கடையாட்களில் மூத்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை லீவை விட்டுவிட்டு வந்திருக்கிறோம், வேண்டாம் என்றால் என்ன அர்த்தம், ஒரு காரணம் சொல்லுங்கள் என்றார்.

ஓவர்சியர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.

“வண்டி லேட்டுப்பா” என்றார். “நம்ம கையில என்ன இருக்கு? அப்படியே அந்தச் சுவரோரமாச் சாத்தி வச்சுட்டுப் போங்க. நான் சொல்லி அனுப்பறேன்.”

கடையாட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, பெரியவர்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று சொல்லாமல் சொல்லிக்கொண்டு போனார்கள்.

மகள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். சாயங்கால வண்டிக்குக் கிளம்பவேண்டும், அதற்கு முன் வீட்டில் கொஞ்சம் படுக்கவேண்டும் என்றாள். பெட்டிகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மாடி அறையைப் பற்றியும் சொல்லவில்லை. பல்லம்மாவின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். கோபம் போய்விட்டதா, உள்ளேதான் இருக்கிறதா என்று பெற்றவளுக்கே கண்டுபிடிக்க முடியவில்லை.

வாசல் வரை போனவள் நின்றாள். திரும்பாமலே பேசினாள். நஷ்டக் கணக்கு முடித்து வீட்டுக்காரரிடம் கடைசியாக ஒரு வார்த்தை சொல்வாளே, அந்தக் குரல்.

“சார், நீங்க இன்னும் முழுசாச் சுத்தி முடிக்கல. தண்ணித் தொட்டிப் பக்கம் ஒரு தடவை பாத்துக்கங்க. பூட்டின வீட்டுல யாரோ குடி வந்திருக்காங்க.”

அவள் செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்து மறைந்தது.

ஓவர்சியர் மேஜைப் பக்கம் திரும்பினார். பிறகு மூக்குக்கண்ணாடிக்காகச் சட்டைப் பையைத் தடவினார். இல்லை. இன்னொரு பையைத் தடவினார். அங்கேயும் இல்லை. கண்ணாடி அவர் நெற்றிக்கு மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அதைச் சொல்லப் பல்லம்மாவுக்கு வாய் வரவில்லை. அவர் அப்படியே, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மேஜையின் அந்தக் கோடியை நோக்கி நடக்கத் தொடங்கினார்.